பாக்குவெட்டியை விடாத கல்லு

லிந்துலைக்கு மேல மூணு மைல் ஏறினா ஒரு தோட்டம். அங்க பேச்சியம்மான்னு ஒருத்தி இருக்கா. வயசு அம்பத்திரண்டு. வாய் கம்மி, கை சுத்தம். இருபத்தாறு வருசம் பேக்டரியில காந்தம் தொடைச்சவ. அது என்னா வேலைன்னு கேப்பீங்க. ரோலர்ல அரைபட்டுக் காஞ்சு வர்ற தேயிலையில மெசின் தேய்ஞ்சு விழுந்த இரும்புத் தூளும் கலந்திருக்கும். அதுக்காக பெல்ட்டுக்கு மேல நீட்டு நீட்டாக் காந்தம் கட்டி வச்சிருப்பாங்க. தேயிலை கீழ ஓடும், இரும்பு மேல ஒட்டும். மணிக்கு ஒரு தடவை அதை வழிச்செடுத்து, காந்தத்தைத் துணியால தொடைச்சு வைக்கணும். இல்லாட்டி நாம குடிக்கிற தேத்தண்ணியில ஆணிப்பொடிதான். இதை ஒரு வேலைன்னு யாரும் மதிச்சதில்ல. அவளும் மதிக்கச் சொல்லிக் கேட்டதில்ல.

புருசன் சிவசாமி கான் வெட்டுற ஆளு. மலையில மழைத்தண்ணி ஓடுறதுக்கு வெட்டுற வாய்க்கால்தான் கான். ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தி, ஐப்பசியில மழை விட்ட ஒரு நாளு, ஏழாம் நம்பர் மலையில வெட்டிக்கிட்டு இருந்தவருக்கு மம்பட்டி வாயை யாரோ லேசாப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சாம். தோண்டிப் பாத்தா கன்னங்கரேல்னு ஒரு கல்லு. கைக்குள்ள அடங்குற அளவுதான், தூக்கினா ஒரு கிலோவுக்கு மேல கனம். அன்னைக்குப் பின்னேரம் அதைத் துண்டுல சுத்திக் கொண்டாந்து பேச்சியம்மா மடியில போட்டாரு.

"இந்தா, ஒன் சொந்தக்காரன் மண்ணுக்குள்ள கெடந்தான். கூட்டியாந்துட்டேன்."

"ஊர்ல புருசன்மாரு பூ வாங்கியாறாங்க. எனக்கு வாச்சது கல்லு கொண்டாருது," அப்படின்னா அவ. ஆனா கல்லைக் கீழ வைக்கல.

அடுத்த மூணு நாளும் ரெண்டு பேரும் அந்தக் கல்லோட மல்லுக்கட்டினாங்க. சிவசாமிக்கு அது பழைய பேக்டரி சக்கரத்துல ஒடைஞ்ச இரும்போன்னு சந்தேகம். ஆத்தோரம் அந்த மாதிரி இரும்பு எவ்வளவோ கெடக்கு. பேச்சியம்மா கோப்பையைக் கவுத்து, அடியில மினுக்கு பூசாத வளையத்துல கல்லை ஒரு இழுப்பு இழுத்தா. இரும்புன்னா மினுங்குற கோடு விழும், இதுக்குக் கறுப்புக் கோடு விழுந்துச்சு. கான்ல கெடந்த வேறொரு செங்கறுப்புக் கல்லை இழுத்தா, அது செங்கல் மாதிரி சிவப்பா விழுந்துச்சு. அடுத்த நாளு பேக்டரியில வழிச்ச இரும்புத் தூளை ஒரு பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்து கல்லுமேல தூவினா. தூளு சும்மா படுக்கல, ரெண்டு கோடியிலயும் மீசை மொளைச்ச மாதிரி நட்டமா நின்னுச்சு. காந்தத்துல ஒட்டுற கல்லு கெடைக்கும், தானே இழுக்குற கல்லு லேசுல கெடைக்காது. அவளுக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. கொழும்புல கார்மெண்ட்ஸ்ல இருக்குற மக பிரியந்திக்குப் படம் புடிச்சு அனுப்பினாங்க. அவ எதையோ தேடிப் படிச்சுட்டு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோல் எடுத்தா.

"அம்மா, அது காந்தக்கல்லுதான். இரும்புத் தாது. கழுவாதீங்க, துரு புடிக்கும். கீழ போட்டாலும் அடிச்சாலும் சூடு காட்டினாலும் இழுக்குறது போயிரும். மேல எப்பவும் ஒரு இரும்பை ஒட்டி வைங்க, அப்பதான் சக்தி நிக்குமாம்."

சூடு காட்டினா என்னாகும்னு பேச்சியம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். ஒரு தடவை பேக்டரியில காந்தக்கட்டை ஒண்ணு கை தவறி அடுப்புத் தணல்ல விழுந்து, எடுத்துப் பாத்தப்போ ஒரு குண்டூசியைக்கூடத் தூக்கல. குப்பையிலதான் போட்டாங்க.

நாலாம் நாளு ஏழாம் நம்பர் மலையில குளவி கலைஞ்சுச்சு. கொழுந்து எடுத்த பொம்பளைங்க ஓடிட்டாங்க. குழிக்குள்ள நின்ன சிவசாமியால ஏற முடியல. லொறியில ஏத்தி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள உசுரு போச்சு. மொகம் அவரு மொகமாவே இல்ல. அவரு வேட்டி மடிப்புல இருந்த பாக்குவெட்டியை மட்டும் யாரோ எடுத்து அவ கையில குடுத்தாங்க. அதை என்னா செய்யறதுன்னு தெரியாம வீட்டுக்கு வந்து கல்லுமேல வச்சா. டக்குன்னு புடிச்சுக்கிச்சு. அன்னையிலிருந்து அதை எடுக்கல. மக சொன்ன இரும்பு அதுதான்னு வச்சுக்கிட்டா.

நம்ம பக்கத்துப் பனிக்கு சுவரே வேர்க்கும். அதனால கல்லை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள ஒரு பழைய பிளனல் துணியில சுத்தி, சப்பாத்துப் பெட்டியில வர்ற ஈரம் உறிஞ்சுற பொட்டலம் ரெண்டையும் உள்ள போட்டு வச்சா. அடுப்பாங்கரையில வைக்கல, சாமி படத்துக்குக் கீழ வச்சா. மாசம் ஒரு தடவை தொறந்து, மெசின் எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டுத் தொடைப்பா. கல்லைத் தூக்கினா பாக்குவெட்டியும் கூடவே தொங்கிக்கிட்டு வரும். "விட்ராதீங்க"ன்னு அதுகிட்ட சொல்லுவா. கல்லுகிட்ட சொன்னாளா புருசன்கிட்ட சொன்னாளான்னு கேக்காதீங்க. தனியா இருக்கிறவளுக்கு அது ரெண்டும் ஒண்ணுதான்.

லயத்துல வரிசையா ஒட்டின வீடுகள்ல அடுத்த காம்பிராவுல அன்னம்மா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம். அன்னம்மாவுக்கு ஒரு கோப்பை சீனி வேணும்னா கதவைத் தட்ட மாட்டா, நேரா உள்ள வருவா. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாளு அப்படி வந்தப்போதான் பேச்சியம்மா கல்லைத் தூக்கித் தொடைச்சுக்கிட்டு இருந்தா. இரும்பு அந்தரத்துல தொங்குறதைப் பாத்ததும் அன்னம்மாவுக்கு மூக்கு வேர்த்துருச்சு. சீனியைக் கூட மறந்துட்டு ஓடினா.

மறுநாளு தலைவர் சுப்பிரமணியம் பத்துப் பேரோட வாசல்ல நின்னாரு. கோயில் கமிட்டித் தலைவர், தோட்டத்துல அவரு இருமினா நாலு பேரு தும்முவாங்க. பேக்டரிக்குப் பக்கத்துல ரோதைமுனி கோயில் இருக்கே, சக்கரத்தைக் காக்குற சாமி, அதுக்குப் பல வருசமா வெறும் சூலம்தான். கல்லைக் கையில வாங்கிப் பாத்த தலைவருக்குத் தலைகால் புரியல.

"இது முனி. இரும்பை இழுக்குது பாருங்கடா. தாலி அறுத்தவ வீட்டுல ஐஸ்கிரீம் டப்பாவுல அடைச்சு வச்சிருக்கா. பேக்டரியில அடிக்கடி பெல்ட்டு அறுந்தது இதனாலதான்."

"ஐயா, அது எங்க வீட்டுக்காரரு கொண்டாந்தது. குடுத்துருங்க," அப்படின்னா பேச்சியம்மா.

தலைவர் பாக்குவெட்டியைப் புடுங்கி, "எச்சி இரும்பை சாமிமேல ஒட்டி வச்சிருக்கியே"ன்னு அவ காலடியில எறிஞ்சாரு. கல்லு மாலை போட்டு, மேளம் அடிச்சுப் போச்சு. பின்னால போனவங்கள்ல பாதிப் பேரு சிவசாமி சாவுக்கு வந்து அழுதவங்க. சனங்களைப் பத்தி நல்லதாச் சொல்ல எனக்கும் ஆசைதான், சொல்ற மாதிரி நடந்துக்கணுமே.

கல்லைச் சீமெந்துத் திட்டுல பதிக்க சுத்தியலால தட்டினாங்க. பேச்சியம்மாவுக்குப் பேக்டரிக்குள்ள காந்தம் தொடைக்கிற எடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் அவ தோள் தானா ஒடுங்கும். பொறகு தினமும் பால், மஞ்சத்தண்ணி, எலுமிச்சம்பழச் சாறு, உப்புத்தண்ணின்னு ஊத்துனாங்க. அவளைக் கோயிலைச் சுத்திக் கட்டின கயித்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க. தாலி அறுத்தவ நெழல் படக்கூடாதாம். மூணாம் வாரம் கல்லு செவக்க ஆரம்பிச்சுச்சு. அதுக்குத் தேங்காய் ஒடைச்சாங்க. முனிக்குக் கண்ணு செவந்திருக்கு, வரம் குடுக்கப் போறாருன்னு கந்தப்பளையிலிருந்து கூட ஆள் வந்தாங்க.

அவளால பொறுக்க முடியல. ஒரு வெள்ளிக்கிழமை அத்தனை பேரு முன்னாலயும் கயித்தடியில நின்னு சொன்னா.

"தலைவரே, அது செவக்கல, துரு. தண்ணி காட்டாதீங்க. ஈரத்தைத் தொடைச்சு எண்ணெய் தடவுங்க. மேல ஒரு இரும்பு எப்பவும் ஒட்டியிருக்கணும்."

சுப்பிரமணியம் கையில இருந்த தட்டைக் கூடக் கீழ வைக்கல.

"புருசனைக் காப்பாத்த வக்கில்ல. சாமியைக் காப்பாத்த வந்துட்டா."

கூட்டம் சிரிச்சுச்சு. நல்லா, வயிறு குலுங்கச் சிரிச்சுச்சு. அன்னம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு சிரிச்சா. பேச்சியம்மா ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டே நின்னா.

அடுத்த வாரம் அவளைப் பேக்டரியில இருந்து தூக்கிட்டாங்க. சாமிக்குப் பக்கத்துல இந்த மாதிரிப் பொம்பளை வேலை செய்யறது ஆகாதுன்னு தலைவர் ஆபீஸ்ல போய்ச் சொன்னாராம், ஆபீஸ்ல இருந்தவங்களுக்கும் அது பெரிய விசயமாத் தெரியல. காலையில எல்லாரும் கூடுற பெரட்டுக்களத்துல ஆளுக்கு மலை பிரிச்சுவிட்டப்போ, பேச்சியம்மாவுக்கு விழுந்தது ஏழாம் நம்பர். இருபத்தாறு வருசம் ஒக்காந்து வேலை செஞ்ச முழங்காலு, கூடையைத் தூக்கிக்கிட்டு அந்த ஏத்தத்துல. புருசன் விழுந்த கான் ஓரத்துலயே கொழுந்து எடுக்கணும். குளவிக் கூடு எங்கன்னு நிமிந்து பாத்துக்கிட்டே எடுப்பா. கொழுந்து கொறைஞ்சா திட்டு.

கோயில்ல புதுசா ஒரு வழக்கம் வந்துருச்சு. வேண்டுதலுக்கு ஒரு ஊசியோ ஊக்கோ கொண்டாந்து கல்லுல வைக்கணும். ஒட்டினா வரம், விழுந்தா பாவம். நிஷாந்தின்னு ஒரு புள்ள, சின்ன வயசு, வயித்துல தங்கின ரெண்டும் கலைஞ்சு போச்சு. அவ ஆசை ஆசையா ஒரு புது எவர்சில்வர் கரண்டி கொண்டாந்து வச்சா. எவர்சில்வர்ல முக்காவாசி காந்தத்துல ஒட்டாது. கரண்டி விழுந்துச்சு. இவ என்னா பாவம் பண்ணினாளோன்னு லயம் பூரா ஒரே பேச்சு, மாமியார் அடிக்காத கொறை. ஒரு தையல் ஊசியைக் கொண்டு போய் வை புள்ளன்னு பேச்சியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பீலியடியில, தண்ணி விழுற குழாயடியில, அந்தப் புள்ள அழுதுக்கிட்டுத் தண்ணி புடிக்கிறதைப் பாத்தா. சொல்லல. அன்னைக்கு சிரிச்சவங்கள்ல நிஷாந்தியும் ஒருத்தி.

மாசி வந்துச்சு. மாரியம்மன் தீமிதிக்குப் பத்து நாளு இருக்கு. கல்லு இப்ப கறுப்பே இல்ல. துரு செதிள் செதிளா உரிஞ்சு, ஒட்டின ஊசியும் ஒண்ணொண்ணாக் கீழ விழுந்துச்சு. சனங்க மொணமொணக்க ஆரம்பிச்சுட்டாங்க. தலைவருக்குத் தூக்கம் போச்சு. ஆனா தாலி அறுத்தவ வாசல்ல வந்து நிப்பாரா? அன்னம்மாவை அனுப்பினாரு. காதும் காதும் வச்ச மாதிரி.

அன்னம்மா வந்து அடுப்படியில குந்திக்கிட்டா. "பேச்சியக்கா, கல்லை எப்படி அவ்வளவு கறுப்பா வச்சிருந்தீங்க? தலைவர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

பேச்சியம்மா வாயைத் தொறந்தா. நெசமாத்தான். துருவைத் தேய்ச்சு எடு, காய வை, எண்ணெய் தடவு, இரும்பை ஒட்டி வை, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அங்க கெடந்தாலும் அது அவரு கல்லுதானே, நல்லா இருக்கட்டும்னுதான் நெனைச்சா. அந்த நேரம் பாத்து அன்னம்மா பெரிய மனசு பண்ணிச் சொன்னா:

"நீங்க சொல்லிட்டீங்கன்னா, திருவிழா அன்னைக்குக் கோயிலுக்குப் பின்பக்கமா நின்னு பாக்க விடுறாராம்."

பேச்சியம்மா வாயை மூடினா. பொறகு சாதாரணமாத்தான் பேசினா.

"நெருப்புதான் அன்னம்மா. அவரு அதைத் தணல்லதான் வைப்பாரு. அது இரும்பு சாமி, நெருப்புலதான் உசுரு வரும். பூக்குழியில தணலுக்கு நடுவுல பொதைக்கச் சொல்லு. காலையில வச்சுப் பின்னேரம் எடுக்கட்டும். எடுத்த சூட்டோட பாலை ஊத்தணும். ஆற விடக்கூடாது. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லிராத, தலைவருக்குத்தான் அசிங்கம்."

"அதை நான் சொல்லுவேனா"ன்னுட்டு அன்னம்மா போனா. போறப்போ ஒரு கோப்பை சீனியும் வாங்கிக்கிட்டுப் போனா.

எனக்கு இல்லாதது இவங்களுக்கும் வேணாம். பத்து நாளும் பேச்சியம்மா மனசுல ஓடினது இது ஒண்ணுதான். கொழுந்து எடுக்கறப்போ, ரொட்டி சுடுறப்போ, படுக்கறப்போ. போய் வேணாம்னு சொல்லிரலாமான்னு ஒரு தடவை எழும்பினா. அந்தச் சிரிப்பு திரும்பக் காதுல கேட்டுச்சு. ஒக்காந்துட்டா.

தீமிதி அன்னைக்கு அவ கோயிலுக்குப் பின்பக்கம் போகல. மேல, மலை முடியிற தொங்கல்ல தேயிலைச் செடிக்கு நடுவுல நின்னா. அங்கிருந்து பூக்குழி முழுசாத் தெரியும். காலையில மரக்கட்டையை அடுக்கிக் கொளுத்தினப்போ, தலைவர் திட்டுல இருந்து பேத்தெடுத்த கல்லை மஞ்சத் துணியில ஏந்திக்கிட்டு வந்து நடுவுல எறக்கினாரு. உடுக்கு அடிச்சுச்சு. பொம்பளைங்க கொலவை போட்டாங்க. பின்னேரம் நாலு மணிக்குத் தணல் விரிச்சு, நாப்பது பேரு எறங்கி நடந்து ஏறினாங்க. கடைசியா தலைவர் கொறடால கல்லை எடுத்தாரு. இரும்புக் கம்பி காய்ஞ்ச மாதிரி செவப்பா இருந்துச்சு. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

குடத்துப் பாலை அப்படியே ஊத்தினாரு.

வெடிச்ச சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. ஆவி அடங்கினப்போ கல்லு ரெண்டாக் கெடந்துச்சு. தலைவர் ஒரு ஊசியை எடுத்துப் பெரிய துண்டுல வச்சாரு. விழுந்துச்சு. இன்னொண்ணு வச்சாரு, அதுவும் விழுந்துச்சு. மடியில இருந்த சாவிக்கொத்தை எடுத்து அழுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, கையை எடுத்தா விழும்னு தெரிஞ்சவரு மாதிரி.

"யாரைக் கேட்டு நெருப்புல வச்சீங்க?" அப்படின்னு கூட்டத்துல ஒரு கொரலு.

சுப்பிரமணியம் நிமிந்து பாத்தாரு. மேல தொங்கல்ல நிக்கிற பேச்சியம்மாவைப் பாத்தாரு. அவளும் அவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. தாலி அறுத்தவ பேச்சைக் கேட்டு சாமியை நெருப்புல போட்டேன்னு எந்த வாயால சொல்லுவாரு? அன்னம்மா பக்கம் திரும்பினாரு. அன்னம்மாவுக்கு மொகத்துல ஈயாடல. அடுத்த நிமிசம் எல்லாருக்கும் முந்தி அவதான் கத்தினா:

"தலைவர் வெரதம் சுத்தமில்ல. அதான் முனி வெடிச்சுட்டாரு."

அதுக்குப் பொறகு கேக்கணுமா? மாலையைப் பிச்சுப் போட்டாங்க. கோயில் சாவியைப் புடுங்கினாங்க. துண்டைப் புடிச்சு இழுத்ததுல பெரிய மனுசன் சேத்துல விழுந்தாரு, ஒருத்தன் கை குடுக்கல. மறுநாளிலிருந்து அவரு ரோட்டுல போனா, "ஊக்கு வேணுமா தலைவரே"ன்னு பின்னால சத்தம் வரும். அவரு சம்சாரம் பீலிக்கு வந்தா மத்தவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு வெலகிப் போவாங்க. பேச்சியம்மாவுக்கு அது இனிச்சுச்சு. பொய் எதுக்குச் சொல்லணும், ரெண்டு நாளு அவளுக்கு ரொட்டி கூட ருசியா எறங்குச்சு. அவளைப் பேக்டரிக்கு யாரும் திரும்பக் கூப்பிடல, அது வேற.

கல்லுத் துண்டு ரெண்டையும் பேக்டரிக்குப் பின்னால ஆத்துல வீசிட்டாங்க. மூணாம் நாளு வேலை முடிஞ்சு வர்ற வழியில பேச்சியம்மா முழங்கால் தண்ணியில எறங்கித் தேடினா. கெடைச்சுச்சு. வீட்டுக்குக் கொண்டாந்து துணியால ஒத்தி, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால துருவை எடுத்தா. அடுப்புக்குத் தள்ளி வச்சுக் காய விட்டா. மெசின் எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டுத் தொடைச்சா. ஒடைஞ்ச எடம் ரெண்டையும் ஒண்ணாச் சேத்துப் புடிச்சா, கோடு கூடத் தெரியாம அப்படியே பொருந்துச்சு. கறுப்பும் கொஞ்சம் திரும்பி வந்திருந்துச்சு.

சாமி படத்துக்குக் கீழ இருந்த பாக்குவெட்டியை எடுத்து கல்லுமேல வச்சு, மெதுவாக் கவுத்தா.

சீமெந்துத் தரையில அது விழுந்த சத்தத்துக்கு சுவருக்கு அந்தப் பக்கம் அன்னம்மா பேச்சு நின்னுச்சு.

எடுத்துத் தொடைச்சுத் திரும்ப வச்சா. விழுந்துச்சு. மத்தத் துண்டுல வச்சா. விழுந்துச்சு. பேக்டரி காந்தத்தால தேய்ச்சா இதுக்குக் கொஞ்சம் இழுக்குற சக்தி வரும்னு அவளுக்குத் தெரியும். ஆனா அது பேக்டரி குடுக்குற புடி. சிவசாமி மண்ணுல இருந்து எடுத்தாந்த புடி, ரெண்டு வருசம் விடாம நின்ன அந்தப் புடி, போனது போனதுதான். தணல்ல விழுந்த காந்தம் என்னாகும்னு தெரிஞ்சுக்கிட்டே தான் அனுப்பினா. தெரியாதுன்னு அவளால தனக்கே கூடச் சொல்லிக்க முடியல.

பாக்குவெட்டியை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்தா. பொறகு அவருகிட்ட சொல்ற மாதிரி சொன்னா, சுவருக்கு அந்தப் பக்கம் கேக்குமேன்னு கூடப் பாக்கல.

"ஒங்களைக் குளவி கொன்னுச்சு. இதை நான் கொன்னேங்க."